மூச்சு மருந்துக்கும் ஏகபோகமா?

(பெரிய முதலியார்சாவடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைக்கு நான் கூலியைப் பற்றிப் பேச வரவில்லை. பட்டாவைப் பற்றியும் பேச வரவில்லை. மூச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பேட்டண்ட் சட்டமும் ஆஸ்துமா மருந்தும்" என்று துண்டறிக்கையில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இரண்டு தோழர்கள் வழியிலேயே என்னை நிறுத்திக் கேட்டார்கள்: "பேட்டண்ட் என்பது வக்கீல்கள் சமாசாரம் ஆயிற்றே! பாத்தியில் உப்பு வாருகிறவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தக் கூட்டத்தின் வேலை.

நமது பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே மரக்காணம் உப்பளம். தெற்கே புதுச்சேரி. அங்கே ரோடியர் மில், சவானா மில், கப்ளே மில் என்று நம் தகப்பன்மார் பெயர் சொல்லி அழைத்த மூன்று பஞ்சாலைகளும் 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. ஆலைக் கதவு மூடியதனால் தொழிலாளியின் நெஞ்சில் தங்கிய தூசி வெளியேறிவிட்டதா? இல்லை. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும்; இருமல் வரும்; இரண்டு நாளில் தணியும்; அடுத்த திங்கட்கிழமை மீண்டும் வரும். பழைய ஆலைத் தொழிலாளி யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். இதற்குப் பஞ்சுத் தூசி நோய் என்று பெயர். தொழிலினால் வரும் நோய் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ள நோய் இது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தூசியைச் சுவாசித்தவனுக்கு, பிறகு எல்லாக் கிழமையும் திங்கட்கிழமைதான்.

வயலுக்கு வாருங்கள். போரடிக்கும் தூசி, மருந்து தெளிக்கும் நெடி. வீட்டுக்கு வாருங்கள். சவுக்கு மிளாரையும் முந்திரிச் சருகையும் வைத்து அடுப்பூதிய தாய்மாரின் நெஞ்சில் புகை படிந்திருக்கிறது. பீடி பிடிக்காத பெண்களுக்கும் மூச்சிரைப்பு வருவது இதனால்தான்.

ஆகவே மூச்சு மருந்து நம்முடைய பிரச்னை. அந்த மருந்தை யார் செய்யலாம், யார் விற்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் சட்டமும் நம்முடைய பிரச்னையே.

கருவி எப்படி வேலை செய்கிறது?

இன்ஹேலர் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் கூடு, அதற்குள் சிறு உலோகக் குப்பி. குப்பியில் மருந்தும் அழுத்தி அடைத்த வாயுவும் இருக்கும். ஒரு தடவை அமுக்கினால் அளந்த ஒரு பங்கு மருந்து வாய் வழியாக நேரே சுவாசப்பைக்குப் போகும். மாத்திரை வயிற்றுக்குள் போய், இரத்தத்தில் கலந்து, சுற்றி வரவேண்டும். இதற்கு அந்தச் சுற்று இல்லை. அதனால் குறைந்த மருந்து போதும். சில நிமிஷத்தில் குணம் தெரியும்.

இதன் பூர்வகதை என்ன? 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரைக்கர் என்ற கம்பெனி இந்த வகைக் குப்பியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகள் ஆஸ்துமா நோயாளி. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல் என் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று அவள் கேட்டதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். நாம் இன்று அதிகம் பயன்படுத்தும் சால்ப்யூட்டமால் என்ற மருந்தை 1966இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். 1969இல் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மருந்துக்கு இருந்த பேட்டண்ட் எப்போதோ காலாவதியாகிவிட்டது. இன்று அது உலகின் பொதுச் சொத்து.

இந்தக் குப்பியில் ஒரு பெரிய குறை இருந்தது. உள்ளே எத்தனை பங்கு மருந்து மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. சாதாரணமாக ஒரு குப்பியில் 200 பங்கு இருக்கும். 200 தீர்ந்த பிறகும் அமுக்கினால் "புஸ்" என்று வாயு வரும். மருந்து வருவதாக நோயாளி நம்புவார். வருவது வெறும் வாயு. அல்லது அரைகுறை மருந்து. குலுக்கிப் பார்த்தாலும் தெரியாது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதுவும் நம்பத்தக்கதல்ல.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். இரவு மூச்சு முட்டியபோது அவர் கையில் குப்பி இருந்தது. பத்துத் தடவை அமுக்கினார். இளைப்பு குறையவில்லை. விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குப்பியைப் பார்த்த நர்ஸ் அம்மா, "இதில் மருந்து தீர்ந்து எத்தனை நாளாயிற்றோ!" என்றார். அவர் பிழைத்துக்கொண்டார். எல்லோரும் பிழைப்பதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் அளவுகாட்டி வந்தது. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் ஒரு சிறு பல்சக்கரம் ஒரு பல் நகரும். சன்னலில் எண் ஒன்று குறையும். 200, 199, 198 என்று இறங்கி 0 வரும். எண்ணுக்குப் பதிலாக நிறம் மாறிக் காட்டும் வகையும் உண்டு. 2003ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, புதிதாக வரும் இன்ஹேலர்களில் அளவுகாட்டி இருக்கவேண்டும் என்று கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிற்று. நல்ல யோசனை. உயிர் காக்கும் யோசனை.

முதலாளித்துவம் இந்த நல்ல யோசனையை என்ன செய்தது? அதுதான் இனிக் கவனிக்க வேண்டியது.

பழைய மருந்து, புதிய பூட்டு

பேட்டண்ட் என்றால் என்ன? தமிழில் காப்புரிமை என்கிறோம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு சர்க்கார் கொடுக்கும் ஏகபோகச் சீட்டு அது. நம் நாட்டுச் சட்டப்படி மனுப்போட்ட நாளிலிருந்து 20 ஆண்டுகள், அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது. 20 ஆண்டு முடிந்ததும் அது ஊர்ப் பொதுச் சொத்து ஆகவேண்டும். பேச்சளவில் நியாயமாகவே தோன்றும்.

நடப்பது வேறு. மருந்தின் சீட்டு முடிந்தவுடன் குப்பியின் மேல் ஒரு சீட்டு வாங்குகிறார்கள். அது முடிவதற்குள் வாயுவின் மேல் ஒன்று. பிறகு கூட்டின் மேல் ஒன்று, எண் காட்டும் சக்கரத்தின் மேல் ஒன்று. மருந்து அதே பழைய மருந்து. பூட்டு மட்டும் புதிது புதிதாக மாறுகிறது.

அமெரிக்காவின் கதையைக் கேளுங்கள். குப்பியில் அடைத்த பழைய வாயு வானத்தின் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி அதைக் கைவிட உலக நாடுகள் முடிவு செய்தன. சரியான முடிவுதான். ஆனால் புதிய வாயு வைத்த குப்பிகளின் மேல் கம்பெனிகள் பேட்டண்ட் வாங்கி வைத்திருந்தன. 2008 டிசம்பர் 31ஆம் தேதியோடு பழைய வாயுக் குப்பிகள் அமெரிக்கக் கடைகளிலிருந்து போயின. அவற்றோடு மலிவு விலைப் போட்டிச் சரக்கும் போயிற்று. விலை பன்மடங்கு ஏறியது. புதிய வாயுவோடு கூடிய போட்டிச் சரக்குக்கு அங்கே முதல் அனுமதி கிடைத்தது 2020 பிப்ரவரியில்தான். இரண்டு மாதம் கழித்து நமது நாட்டின் சிப்ளா கம்பெனிக்கும் கிடைத்தது. 11 ஆண்டுக் காலம் அமெரிக்க ஏழை நோயாளிகள், கறுப்பின மக்கள், கூலித் தொழிலாளிகள், அரை நூற்றாண்டுப் பழைய மருந்துக்குப் புது மருந்தின் விலை கொடுத்தார்கள்.

அளவுகாட்டியின் கதை இன்னும் விசித்திரம். இஸ்ரேலைச் சேர்ந்த தேவா என்ற ராட்சதக் கம்பெனி இதே மருந்தை அமெரிக்காவில் விற்கிறது. அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; ஆரஞ்சுப் புத்தகம் என்று பெயர். அதில் ஒரு பேட்டண்டைப் பதிந்துவிட்டால், போட்டிக் கம்பெனி மேல் வழக்குப் போட்ட மாத்திரத்தில் போட்டி மருந்தின் அனுமதி 30 மாதம் தானாகவே நின்றுவிடும். கோர்ட்டு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. வழக்குப் போட்டாலே போதும்! தேவா கம்பெனி அந்தப் பட்டியலில் கூட்டின் பேட்டண்டையும் அளவுகாட்டியின் பேட்டண்டையும் பதிந்து வைத்தது. ஆம்னீல் என்ற கம்பெனி மலிவு மருந்து கொண்டுவர முயன்றபோது 2023இல் வழக்குப் போட்டது.

நியூஜெர்சி கோர்ட்டு 2024 ஜூனில் கேட்டது: இந்தப் பேட்டண்டுகளில் மருந்து எங்கே இருக்கிறது? இவை பிளாஸ்டிக்கையும் சக்கரத்தையும் பற்றியவை. பட்டியலிலிருந்து எடுங்கள் என்றது. 2024 டிசம்பர் 20ஆம் தேதி மேல்கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2023 நவம்பரில், அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் பல கம்பெனிகளின் 100க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட பேட்டண்டுகள் பட்டியலில் இருக்கத் தகுதியற்றவை என்று ஆட்சேபித்திருந்தது.

2024 ஜனவரியில் அமெரிக்க செனட் கமிட்டி, இன்ஹேலர் விற்கும் நான்கு பெரிய கம்பெனிகளை விலை பற்றி விசாரிக்கத் தொடங்கியது. இரண்டே மாதத்தில் அவற்றில் மூன்று கம்பெனிகள், நோயாளி கையிலிருந்து மாதம் 35 டாலருக்கு மேல் வாங்குவதில்லை என்று அறிவித்தன. மருந்து மாறவில்லை. தொழிற்சாலை மாறவில்லை. கேள்வி கேட்டதும் விலை இறங்கிவிட்டது! அப்படியானால் அதுவரை வாங்கிய பணம் எதற்கு என்று நாம் கேட்கக்கூடாதா?

நமது சட்டம் எப்படி வந்தது?

"அது அமெரிக்கா, இங்கே மருந்து மலிவாயிற்றே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த மலிவு வானத்திலிருந்து விழவில்லை. சட்டத்தை மாற்றியதால் வந்தது.

வெள்ளைக்காரன் 1911இல் போட்ட பேட்டண்ட் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நம் தலைமேல் இருந்தது. 1961இல் அமெரிக்க செனட்டின் கெஃபாவர் கமிட்டியே, சில முக்கிய மருந்துகளின் விலை உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று எழுதிற்று. ஏழை நாட்டில் அதிக விலை! காரணம் அந்நியக் கம்பெனிகளின் ஏகபோகம். நமது தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1970இல் புதிய சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் 20 முதல் அமலாயிற்று. மருந்துக்கே பேட்டண்ட் கிடையாது. செய்யும் முறைக்கு மட்டும்தான், அதுவும் அதிகம் போனால் ஏழு ஆண்டு என்றது அந்தச் சட்டம். அதன் பிறகுதான் நமது கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்க முடிந்தது.

1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. அதன் நிர்ப்பந்தத்தால் 2005 முதல் மருந்துக்கே பேட்டண்ட் கொடுக்கும் முறை திரும்பி வந்தது. அப்போது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் கொடுத்த நெருக்கடியால் சில பாதுகாப்புகள் சட்டத்தில் நிலைத்தன. அவற்றை நீங்கள் மனப்பாடமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, 3ஆம் பிரிவின் டி உட்பிரிவு. பழைய மருந்தைச் சிறிது உருமாற்றிப் புதியது என்று பேட்டண்ட் கேட்க முடியாது. நோய் தீர்க்கும் குணம் உண்மையிலேயே கூடியிருக்க வேண்டும். நோவார்ட்டிஸ் கம்பெனி இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றுக்குக் கேட்ட பேட்டண்டை 2006இல் நமது சென்னை பேட்டண்ட் ஆபீஸ் மறுத்தது. சட்டப்பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போய் 2007இல் தோற்றது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றது.

இரண்டு, அதே 3ஆம் பிரிவில், தெரிந்த கருவிகளை வெறுமே பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று ஒரு விதி உண்டு. இன்ஹேலர் கூடு, அளவுகாட்டி விவகாரத்தில் இதுதான் நமக்குக் கைகொடுக்கும் விதி.

மூன்று, பேட்டண்ட் கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். கம்பெனி முதலாளிதான் ஆட்சேபிக்க வேண்டும் என்பதில்லை. காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசன் என்ற மும்பைப் பெண்ணும், ஃபுமேசா டிசிலே என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணும் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் பெடாகுவிலின் மருந்து பேட்டண்டை நீட்டிக்கக் கூடாது என்று 2019இல் ஆட்சேபித்தார்கள். இருவரும் பழைய காசநோய் மருந்துகளின் விஷத்தால் காது கேட்கும் சக்தியை இழந்தவர்கள். 2023 மார்ச் 23ஆம் தேதி மும்பை பேட்டண்ட் ஆபீஸ் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. இரண்டு நோயாளிகள் ஒரு ராட்சதக் கம்பெனியை வென்றார்கள், தோழர்களே!

நான்கு, அமெரிக்காவின் 30 மாதத் தடை போன்ற ஏற்பாடு இங்கே கிடையாது. அதைக் கோர்ட்டு வழியாகக் கொண்டுவர பேயர் கம்பெனி தில்லி ஐகோர்ட்டில் முயன்றது. 2009இல் வழக்குத் தள்ளுபடி; 2010இல் அப்பீலும் தள்ளுபடி.

ஐந்து, கட்டாய லைசென்ஸ். மருந்து கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்காவிட்டால் வேறொருவருக்கு உற்பத்தி அனுமதி கொடுக்கலாம். 2012 மார்ச்சில் அதே பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்கு இப்படிச் செய்ததும் மாதச் செலவு 2,80,000 ரூபாயிலிருந்து 8,880 ரூபாய்க்கு இறங்கியது.

இத்தனை இருந்தும் நாம் எப்போதும் ஜெயிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நீண்டகால மூச்சடைப்பு நோய்க்கு இண்டாகட்டரால் என்ற மருந்து. இன்ஹேலர் வழியாக எடுப்பது. நோவார்ட்டிஸ் அதை இந்தியாவில் செய்யாமல் இறக்குமதி செய்து விற்றது. 2014இல் சிப்ளா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தது. 2015 ஜனவரியில் தில்லி ஐகோர்ட்டு சிப்ளாவுக்குத் தடை போட்டது. 2017இல் அப்பீலிலும் தடை நிலைத்தது. சட்டத்தில் கதவு இருப்பது வேறு; கதவைத் திறப்பது வேறு.

கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமா?

"பேட்டண்ட் இல்லாவிட்டால் யார் புதிதாகக் கண்டுபிடிப்பான்?" என்று முதலாளிமார் கேட்பார்கள். நாமும் உழைப்புக்குக் கூலி கேட்பவர்கள்தானே. அதனால் இதற்கு நேராகப் பதில் சொல்வோம். அளவுகாட்டிச் சக்கரத்தை வரைந்த என்ஜினீயரின் உழைப்பு மெய்யானது. அவருக்குக் கூலி வேண்டும். ஒருவர் செய்த சக்கரத்தை அப்படியே நகல் எடுக்காதே என்றால், சரி, வேறு விதமாக ஒரு சக்கரம் செய்வோம். ஆனால் சக்கரத்தைக் காட்டி, அரை நூற்றாண்டுப் பழைய மருந்தையே பிறர் விற்கக்கூடாது என்பது கூலி அல்ல, கொள்ளை. மேலும், பேட்டண்ட் அந்த என்ஜினீயரின் கையில் இருப்பதும் அரிது. கம்பெனியின் கையில் இருக்கிறது. அவருக்குச் சம்பளம், பங்குதாரருக்கு லாபம்.

நமது கடற்கரைக்கு இது புதிதல்ல. கடல் நீரும் வெயிலும் யாருடைய சொத்து? ஆனால் உப்பை வெள்ளைக்காரன் தன் ஏகபோகம் என்றான். 1930இல் வேதாரண்யத்தில் ஜனங்கள் போய் உப்பு அள்ளி அடிபட்டார்கள், சிறை போனார்கள். உப்புக்கு வரி போட்டவன் போய்விட்டான். மூச்சுக்கு வரி போட வேறொருவன் வந்து நிற்கிறான்.

இப்போது என்ன ஆபத்து?

2024 மார்ச் 15ஆம் தேதி மத்திய சர்க்கார் பேட்டண்ட் விதிகளைத் திருத்தியது. முன்கூட்டியே ஆட்சேபிப்பதற்குக் கட்டணம் வந்தது. ஆட்சேபணை விசாரிக்கத் தக்கதா என்று முதலில் அதிகாரி தீர்மானிப்பார் என்ற விதியும் வந்தது. பேட்டண்டை இந்த நாட்டில் உண்மையில் உபயோகிக்கிறாயா என்று கம்பெனி கணக்குக் கொடுப்பதும் ஆண்டுக்கு ஒரு தடவை என்பதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை ஆயிற்று. 2025 ஜூலை 24ஆம் தேதி பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில், கம்பெனிகள் தாமாக மனமுவந்து கொடுக்கும் லைசென்ஸே சிறந்த வழி என்று எழுதியிருக்கிறார்கள். கட்டாய லைசென்ஸ் என்ற ஆயுதத்தை உறையிலேயே துருப்பிடிக்க விடும் வழி அது.

நாம் செய்ய வேண்டியவை

முதலில் வீட்டில் செய்யவேண்டியது. அளவுகாட்டி இல்லாத குப்பி கையில் இருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுக்குகிறீர்கள் என்று பாருங்கள். 200ஐ அதனால் வகுங்கள். நாளுக்கு 4 தடவை என்றால் 50 நாள். குப்பி தொடங்கிய தேதியையும் முடியும் தேதியையும் கூட்டின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். தேவைப்படும்போது மட்டும் அடிக்கும் மருந்தானால், ஒவ்வொரு தடவைக்கும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக்கொடுக்கட்டும். காப்ஸ்யூல் போட்டு இழுக்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. மிச்சமுள்ள காப்ஸ்யூலை எண்ணினால் போதும். உடனே குணம் தரும் மருந்து வாரத்தில் பல நாள் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், டாக்டரிடம் போங்கள்.

பிறகு, நாம் சேர்ந்து கேட்க வேண்டியவை:

சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கொடுக்கும் ஒவ்வொரு இன்ஹேலரிலும் அளவுகாட்டி இருக்கவேண்டும். தமிழ்நாட்டுக்கு 1994 முதல் மருந்து வாங்கிக் கொடுக்கும் மருத்துவப் பணிகள் கழகம் இதை டெண்டர் நிபந்தனையாக வைக்கட்டும். வாங்குவது மொத்தமாக என்றால் விலையும் இறங்கும். அளவுகாட்டியைச் சாக்காக வைத்து மருந்தின் விலையை ஏற்ற இடம் கொடுக்கக்கூடாது.

ஆட்சேபணைக் கட்டணத்தை ரத்து செய்யவேண்டும். ஒரு நோயாளி தன் மூச்சுக்காக மனுப்போடக் காசு கட்டவேண்டும் என்பது வெட்கக்கேடு.

பஞ்சாலைகளில் தூசியை உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா, தொழிலாளர்களின் மூச்சுச் சக்தியைச் சோதித்தார்களா என்று சங்கம் கேட்கவேண்டும். ஆலை மூடிய பிறகு வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பழைய தொழிலாளிக்கும் அந்தச் சோதனையும் நஷ்டஈடும் கிடைக்கவேண்டும்.

தோழர்களே! மருந்துக் கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறான், பணம் இருக்கிறது, 20 ஆண்டுச் சீட்டு இருக்கிறது. நம்மிடம் எண்ணிக்கை இருக்கிறது, சங்கம் இருக்கிறது. மேற்சொன்ன கோரிக்கைகள் எழுதிய மனு மேஜையின் மேல் இருக்கிறது. போகும்போது கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் தெருவில் இன்ஹேலர் அடிக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், குப்பியின் மேல் தேதி எழுதிக் கொடுங்கள். வேலை இன்றைக்கே தொடங்கட்டும்.